வழக்கில் வென்றும் மூடிக்கொண்ட தொழிற்சாலை

கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஈயம் என்பது வரலாற்றுப் பாடநூலில் மட்டும் வரும் பொருளன்று. கோப்பெங், கம்பார், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈயக்குட்டைகள்தாம். அவற்றைச் சுற்றிப் புல்லும் சரியாக முளைக்காத வெண்மணல் மேடுகள். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்து விலை சரிந்தபோது எங்கள் ஊர் ஈய லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லம்பம் போனது, குட்டை நின்றது. இன்று அந்தக் குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள், வாத்து வளர்க்கிறார்கள், சிலவற்றை மூடி வீடமைப்புத் திட்டங்களும் எழுப்பிவிட்டார்கள்.

ஆனால், இந்தக் கட்டுரை ஈயத்தைப் பற்றியதன்று. ஈயத்தை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சிய மணலைப் பற்றியது. அந்த மணலை நம்பி எழுந்த ஒரு தொழிற்சாலையைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அந்தத் தொழிற்சாலையை நடத்தியவர்களும் அதற்கு அனுமதி கொடுத்தவர்களும் வழிநெடுக எதையெதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் பற்றியது. கோப்பெங்கிலிருந்து வண்டியில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், லாஹாட்டுக்கும் மெங்லெம்புவுக்கும் இடையில் இருக்கும் புக்கிட் மேராதான் அந்த இடம். நம் சங்கத்து நண்பர்கள் பலரிடம் இப்பெயரைச் சொன்னபோது, "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். பேராக்கிலிருந்து வந்தவர்களிலும் சிலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆகவேதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் இரசாயனப் பொறியியல் பயிலும் மாணவி என்பதும் ஒரு காரணம். அடுத்த ஆண்டு ஏதோ ஓர் ஆலையில் வேலைக்குச் சேரப் போகிறவள், இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் சேர்வது சரியாகப் படவில்லை.

ஆமாங்: வேண்டாத மணலின் விலை

ஈய மணலைக் கழுவிப் பிரித்தபின் மிஞ்சும் கனமான கருமணலுக்கு 'ஆமாங்' என்று பெயர். நம் வட்டாரத்தில் எல்லா இனத்தாரும் இந்தச் சொல்லையே புழங்குகிறார்கள். அதனுள் இல்மனைட், சிர்க்கோன், செனோடைம், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கும். நீண்ட காலம் அது ஒரு தொல்லையாகத்தான் கருதப்பட்டது. பிறகு அதற்கும் விலை வந்தது.

மோனசைட்டுக்குள் அரிய மண் தனிமங்கள் எனப்படும் ஒரு கூட்டம் ஒளிந்திருக்கிறது. பெயரில்தான் 'அரிய'; உண்மையில் அவை அவ்வளவு அரிதானவை அல்ல. பூமியில் பரவிக் கிடக்கின்றன. ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பதுதான் அரிது. வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் தெரிவதற்கும், வலிமையான காந்தம் செய்வதற்கும், இன்று கைத்தொலைபேசி முதல் காற்றாலை வரைக்கும் இவை தேவைப்படுகின்றன. ஆனால் மோனசைட் இவற்றைத் தனியாகக் கொடுப்பதில்லை. தோரியத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. தோரியம் கதிரியக்கம் உள்ள தனிமம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அதாவது, இன்றுள்ள தோரியத்தில் பாதி கரைவதற்கு அத்தனை ஆண்டுகள் ஆகும். அது மெதுவாகச் சிதையும்போது ரேடியம் போன்ற வேறு கதிரியக்கப் பொருள்களும், மூச்சோடு உள்ளே போகக்கூடிய ஒரு வாயுவும் உண்டாகின்றன.

இங்கே ஒரு செய்தி. தமிழர்களுக்கு மோனசைட் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருப்பதை ஒரு ஜெர்மானியர் கண்டறிந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அன்று தேவைப்பட்டது தோரியம்தான், மற்றவையெல்லாம் கழிவு. கேஸ் விளக்கின் வெண்ணிற வலையை எரிந்து பிரகாசிக்கச் செய்தது தோரியம். தோட்டத்துத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் தலையில் சுமந்து சென்ற அந்தப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெளிச்சம் இங்கிருந்துதான் வந்தது. பின்னர் காலம் தலைகீழாக மாறியது. அரிய மண் பொருளாயிற்று, தோரியம் கழிவாயிற்று. எது செல்வம், எது குப்பை என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. கதிரியக்கமோ இரண்டு காலத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

தொழிற்சாலை வந்த விதம்

ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1979-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி இரசாயன நிறுவனத்துக்கு 35 விழுக்காடு, உள்ளூரின் பே மினரல்ஸ் நிறுவனத்துக்கு 35 விழுக்காடு, தாபோங் ஹாஜி வாரியத்துக்கு 20 விழுக்காடு, மீதம் பூமிபுத்ரா வணிகர்களுக்கு என்று பங்குகள் பிரிக்கப்பட்டன. 1982-இல் புக்கிட் மேராவில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஜப்பானில் கதிரியக்கப் பொருள்கள் மீதான சட்டம் இறுகிவிட்டிருந்தது. இங்கே மூலப்பொருள் இருந்தது, வேலைக்கு ஆள் இருந்தது, முதலீட்டை எதிர்பார்த்துக் காத்திருந்த மாநிலம் இருந்தது. சட்டம்தான் இன்னும் முழுமையாக வரவில்லை.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஆலை தொடங்கியது 1982. அணுசக்தி உரிமச் சட்டம் நிறைவேறியது 1984. அச்சட்டத்தின் கீழ் உரிம வாரியம் அமைந்தது 1985. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமானது 1988. ஆக, கதிரியக்கக் கழிவை வெளியேற்றும் ஓர் ஆலை ஓடத் தொடங்கியபின்தான் அதைக் கேள்வி கேட்கக்கூடிய சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குதிரையை ஓடவிட்டு லாயத்தைக் கட்டிய கதைதான்.

இதில் சட்டத்தை மீறியவர் என்று யாரையும் எளிதில் சுட்ட முடியாது. அதுதான் சிக்கலே. மேலாளர் ஒருவர், "சட்டம் கேட்டதையெல்லாம் செய்தோம்" என்று மனமறிந்து சொல்லலாம். சட்டம் எதையும் கேட்கவில்லை என்பதைத்தான் அவர் சேர்த்துச் சொல்ல மாட்டார்.

'சொத்து' என்ற ஒரு சொல்

என் பார்வையில் புக்கிட் மேராவின் மிகப் பெரிய சமரசம் ஒரு கசிவிலோ ஓர் உடைப்பிலோ நடக்கவில்லை. அது ஒரு சொல்லில் நடந்தது.

ஆலை கக்கிய தோரியம் ஹைட்ராக்சைடு என்ற கழிவை வருங்காலத்தில் அணு உலைக்கு எரிபொருளாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அன்று இருந்தது. ஆகவே அதைப் பத்திரப்படுத்தி வைக்கவேண்டிய ஒரு பொருளாகக் கருதினார்கள்; அதன் உரிமை பேராக் மாநில அரசைச் சேரும் என்றும் ஏற்பாடானது. கழிவு என்றால், எங்கே கொட்டுவது, யார் காவல் காப்பது, எத்தனை காலத்துக்கு என்ற கேள்விகள் உடனே எழும். சொத்து என்றால் அப்படியில்லை. ஓரிடத்தில் அடுக்கி வைத்தால் போதும். உற்பத்தி செய்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்தும் அது இறங்கிவிடுகிறது. அதை வாங்கிக்கொண்ட அரசுக்கோ, அதை வைத்துக் காக்கும் இடமே இன்னும் ஆயத்தமாகவில்லை. அந்த அணு உலை இன்றுவரை வரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இணங்கியவர்கள் எவரும் கெட்ட எண்ணத்தோடு இணங்கியிருக்க வேண்டியதில்லை. தோரியம் உண்மையிலேயே அணு எரிபொருளாகக்கூடிய பொருள்தான். இந்தியா அதற்காகப் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி செய்துவருகிறது. ஆனால் ஒரு நாள் பயன்படலாம் என்பதற்கும், இன்று வேலியோரம் கிடக்கலாம் என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை யார் கடப்பது? அந்தத் தூரத்தில்தான் புக்கிட் மேரா மக்கள் குடியிருந்தார்கள்.

பாப்பான் மக்கள் எழுந்த கதை

கழிவைச் சேர்த்துவைக்க முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பாப்பான். (மலாயில் 'பலகை' என்று பொருள், தமிழ்க் காதுக்கு வேறு எதுவோ கேட்கும், அது நம் குற்றம்.) பழைய ஈய நகரம். 1983-ஆம் ஆண்டு இறுதியில் தங்கள் ஊருக்கு அருகே குழிகள் வெட்டப்படுவதை அவ்வூர் மக்கள் கண்டார்கள். எதற்கு என்று யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டபோது கொதித்தெழுந்தார்கள்.

1984-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பாப்பானையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த 6,700 பேர் கையெழுத்திட்ட மனு பிரதமருக்கு அனுப்பப்பட்டது. ஜூலை முதல் நாள் ஏறத்தாழ 3,000 பேர் கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள். பாதுகாப்பு நடவடிக்கைகள் எல்லாம் எடுக்கப்பட்டுள்ளன என்ற பதிலே அரசாங்கத்திடமிருந்து வந்தது. ஆனால் அனைத்துலக அணுசக்தி முகமையிலிருந்து வந்து பார்த்த வல்லுநர்கள், வெட்டப்பட்ட குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்றே சொன்னார்கள். அதாவது, படிக்காத பாமர மக்கள் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள் என்று பேசப்பட்ட ஒரு விஷயத்தில் பாமர மக்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. 1985 ஜனவரியில், கழிவுக் கிடங்கை கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றுவதென அமைச்சரவை முடிவு செய்தது.

இதற்கிடையே 1984 டிசம்பரில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவா புக்கிட் மேராவுக்கு வந்தார். ஆலையை அடுத்த திறந்தவெளியிலும் குட்டையருகிலும் அவர் கதிரியக்கத்தை அளந்தார். அனுமதிக்கப்பட்ட அளவைவிட 800 மடங்கு வரை இருந்ததாக அவரது அளவீடு பதிவாகியுள்ளது. பாப்பானுக்குப் போக வேண்டிய பொருள், போக வழியின்றி ஆலையைச் சுற்றியே கிடந்தது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பாப்பான் மக்கள் வென்றார்கள். அந்த வெற்றியின் சுமை அதுவரை புக்கிட் மேராவில் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். கதிரியக்க அளவைப் பற்றிய வாதங்களில் இரு தரப்பும் உண்மையைச் சொல்லிக்கொண்டே எதிரெதிராக நிற்க முடியும். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் இத்தனை மில்லிசீவர்ட் என்றுதான் வரம்பு வைக்கப்படுகிறது. இன்று அது 1 மில்லிசீவர்ட். ஆண்டு முழுவதும், ஊர் முழுவதும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எண் சிறியதாக இருக்கும். குட்டையோரம் தினமும் விளையாடும் ஒரு குழந்தையின் கணக்கைத் தனியாகப் பார்த்தால் எண் பெரியதாகிவிடும். ஆலைத் தரப்பு சராசரியைப் பேசியது. ஊர்த் தரப்பு குழந்தையைப் பேசியது.

நான் தொழிற்பயிற்சிக்குச் சென்ற ஆலையில் (இதற்கும் அதற்கும் தொடர்பில்லை, அது வேறு துறை) தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த ஓர் அண்ணன் சுற்றுச்சூழல் பிரிவில் இருந்தார். அவர் ஒரு நாள் தேநீர் வேளையில் சொன்னார்: "பாரும்மா, நான் எழுதுற நம்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கும். மீட்டரை எங்க வச்சி எடுக்கணும்னு முடிவு பண்றவன் நான் இல்ல." பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு படித்ததைவிட அந்த ஒரு பேச்சில் நான் கற்றது அதிகம் என்று தோன்றுகிறது.

நீதிமன்றப் படிகளில்

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவைச் சேர்ந்த எட்டுப் பேர், தங்கள் சார்பிலும் ஊரின் ஏறத்தாழ 10,000 பேர் சார்பிலும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது. அவர்களுக்காக வழக்காடியவர்களுள் ஒருவர் மீனாட்சி ராமன். மருத்துவத் தரப்பில் டாக்டர் த. ஜெயபாலன் ஊர்ப் பிள்ளைகளின் உடல்நலத்தை ஆராய்ந்தார். சீனப் புதுக்கிராமம் ஒன்றின் போராட்டத்தில் இவ்விருவரும் ஆற்றிய பங்கை நம் தமிழ் மேடைகளில் யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபர் 14-இல் உயர்நீதிமன்றம், போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்கவும் சேர்த்து வைக்கவும் தடை விதித்தது. ஆலை நின்றது. 1987 பிப்ரவரியில் உரிம வாரியத்திடமிருந்து உரிமம் கிடைத்தது. ஆலை மீண்டும் ஓடியது. தடை நீக்கப்படவில்லையே என்று மக்கள் கேட்டார்கள். தடையில் 'போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்வரை' என்ற சொற்கள் இருக்கின்றன. உரிமம் கிடைத்ததே போதிய பாதுகாப்புக்குச் சான்று என்று மறுதரப்பு எடுத்துக்கொள்ளலாம். ஒரு மேலாளரின் இருக்கையில் அமர்ந்து யோசித்துப் பாருங்கள். கையில் உரிமம் இருக்கிறது. வழக்கறிஞர் தவறில்லை என்கிறார். தலைமையகம் உற்பத்தியை எதிர்பார்க்கிறது. வாசலில் ஊர் நிற்கிறது. "நீதிமன்றத்திடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டலாமே" என்று சொல்லும் துணிவு அந்த அறையில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

செப்டம்பர் 1987-இல் விசாரணை தொடங்கியது. அக்டோபர் 27-இல் ஓப்பராசி லாலாங் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் மீனாட்சி ராமனும், பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் தலைவர் ஹியூ யூன் தாட்டும், குழுவினர் சிலரும் இருந்தனர். விசாரணையற்ற காவலுக்கு வழிசெய்த அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அதன் ஒரு தரப்பு வழக்கறிஞரே உள்ளே போனார் என்பதை மறப்பதற்கில்லை. அந்த ஆலையை நடத்தியவர்கள் இக்கைதைக் கேட்டு வாங்கினார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் கேட்காமலேயே கிடைத்த அந்த அமைதி அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும் அல்லவா? நாம் செய்யாத தீங்கின் பலன் நம் கைக்கு வரும்போது என்ன செய்வது என்பதும் ஒரு மனச்சாட்சிக் கேள்விதான்.

65 நாள் விசாரணை, 1990 பிப்ரவரி வரை நீடித்தது. 1992 ஜூலை 11-இல் நீதிபதி பே சுவீ சின் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். ஆலையை 14 நாள்களில் மூடச் சொன்னார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. மூடினால் நிறுவனத்துக்கும் அதன் 183 ஊழியர்களுக்கும் கஷ்டம் என்ற வாதம் ஏற்கப்பட்டது. 1993 டிசம்பர் 23-இல் மேல்முறையீட்டில் நிறுவனமே வென்றது. அதன் வல்லுநர்களின் சோதனைகளே நம்பத்தக்கவை என்றும், மக்கள் முதலில் உரிம வாரியத்திடம் சென்று உரிமத்தை ரத்துசெய்யக் கோரியிருக்க வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் கூறியது.

வென்ற நிறுவனம் என்ன செய்தது? ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தது.

எட்டு என்ற எண்

புக்கிட் மேராவின் மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. ஐந்து ஆண்டுகளுக்குள் அங்கு எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அவர்களுள் ஏழு பேர் இறந்துவிட்டனர். நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் கடைசிவரை மறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரத்தப் புற்றுநோய் பொதுவாக ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் நான்கைந்து பேருக்கு வரும் நோய். 11,000 பேர், ஐந்து ஆண்டு என்றால் இரண்டு அல்லது மூன்று பேருக்கு வரலாம் என்று எதிர்பார்ப்போம். வந்தது எட்டு. இது மிகுதிதான். ஆனால் சிறிய எண்களில் தற்செயலும் இப்படி விளையாடும் என்று புள்ளியியல் படித்தவர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மை. எட்டு உயிர்களை வைத்து அறிவியலால் 'ஆம்' என்றும் அடித்துச் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

சமரசம் நுழைவதற்கு மிகவும் வசதியான வாசல் இதுவே. 'நிரூபிக்கப்படவில்லை' என்ற சொற்றொடர் நீதிமன்றத்தில் ஒரு பொருள் தரும். அதை ஆலைக்குள் கொண்டுவந்தால் 'ஆபத்தில்லை' என்று மாறிவிடும். இரண்டும் ஒன்றல்ல என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியபின் அது எப்படியோ மறந்துபோகிறது. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? பிள்ளையைப் பறிகொடுத்த தாயா நிரூபிக்க வேண்டும்? ஆலை வைத்தவர் அல்லவா, வைப்பதற்கு முன்னரே, தீங்கில்லை என்று காட்டியிருக்க வேண்டும்!

அந்த 183 ஊழியர்களையும் நான் ஒதுக்கிப் பேச மாட்டேன். ஈய விலை சரிந்து, கிந்தாவில் வேலையில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திண்டாடிய காலம் அது. தோட்டங்களும் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தன. நிலையான சம்பளம் தரும் ஓர் ஆலையை 'மூடு' என்று சொல்வது, அங்கே வேலை செய்பவருடைய வீட்டு அடுப்பை அணைப்பதற்குச் சமம். தந்தை வேலை செய்யும் ஆலைக்கு எதிராக மாமா ஊர்வலம் போகும் வீடுகள் இப்படிப்பட்ட ஊர்களில் இருக்கத்தான் செய்யும். ஆனால், வேலையா உயிரா என்று ஊர்மக்களைத் தங்களுக்குள்ளேயே சண்டையிட வைத்த அந்தக் கேள்வியை ஊர்மக்கள் உருவாக்கவில்லை. கழிவுக்கு ஒழுங்கான கிடங்கு கட்டிய பின்பே உற்பத்தி தொடங்கும் என்று 1982-இல் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

தூத்துக்குடியில்

தமிழ்நாட்டில் இதே கதை இன்னும் கொடுமையாக நடந்ததை நாம் அறிவோம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வழக்கில் 2013 ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஆனால் நாட்டுக்குத் தாமிரமும் மக்களுக்கு வேலையும் வேண்டும் என்று ஆலை தொடர்ந்து நடக்க அனுமதித்தது. மாசு உண்டு, ஆனால் நடக்கட்டும் என்பதே சாரம். 2018 மே 22-இல், போராட்டத்தின் நூறாம் நாளில், போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அதே மாதம் தமிழக அரசு ஆலையை மூடியது. அதைத் திறக்கக் கோரிய நிறுவனத்தின் மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புக்கிட் மேராவில் துப்பாக்கி வெடிக்கவில்லை. அந்த மட்டில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

மலையுச்சியில் மூடியது

மூடிய ஆலையின் கதை 1994-இல் முடியவில்லை. வழக்கில் வென்ற பிறகும் மிட்சுபிஷி இரசாயன நிறுவனம் அந்த இடத்தைத் துப்புரவு செய்யும் பணியை ஏற்றது. செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். ஆலைக் கட்டடம் முழுவதும் இடிக்கப்பட்டது. சில இடங்களில் அடிப்பாறை தென்படும்வரை மண்ணும் தோண்டப்பட்டது. 11,000-க்கும் மேற்பட்ட லாரிச் சுமைகள் கிளேடாங் மலைப் பக்கம் கொண்டு செல்லப்பட்டன. அதன்பின் 80,000-க்கும் அதிகமான இரும்புப் பீப்பாய்களில் இருந்த கதிரியக்கக் கழிவை மலையுச்சியைக் குடைந்து உள்ளே வைத்து, களிமண்ணும் கருங்கல்லும் இட்டு இருபதடிக்கு மேல் மூடும் வேலை. ஊர்ப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 1,64,000 டாலர் நன்கொடையும் கொடுக்கப்பட்டது, நோய்களுக்குப் பொறுப்பேற்காமல்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் மரியாதைதான் தோன்றியது. சட்டம் கட்டாயப்படுத்தாத வேலையைச் செய்திருக்கிறார்களே! பிறகு இன்னொன்று தோன்றியது. பாறை தெரியும்வரை மண்ணை வெட்டி எடுக்கும் அளவுக்கு அந்த மண்ணைப் பற்றி அறிந்தவர்கள், நீதிமன்றத்தில் அது பாதுகாப்பானது என்று ஏன் வாதாடினார்கள்? இரண்டு மரியாதைகளையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க முடியவில்லை. பொறியியல் மாணவி என்ற முறையில் இன்னொரு கணக்கும் போடத் தோன்றுகிறது. அந்தப் பத்துக் கோடி டாலரில் ஒரு சிறு பங்கை 1982-இல் செலவிட்டிருந்தால் போதுமே! பத்து வெள்ளிக்குக் கஞ்சத்தனம் செய்து ஆயிரம் வெள்ளிக்குக் கடன்பட்டவன் கணக்கு இது.

கெபெங்கும் கெனெரிங்கும்

இக்கதை பழையது என்று ஒதுக்குவதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனம் குவாந்தான் அருகே கெபெங்கில் அமைத்த ஆலைக்கு 2012 செப்டம்பரில் தற்காலிக உரிமம் கிடைத்தபோது, எதிர்த்தவர்களின் பதாகைகளில் புக்கிட் மேரா என்ற பெயர் இருந்தது. அந்தத் தாதுவில் தோரியம் நம் மோனசைட்டில் உள்ளதைவிடக் குறைவு; இதைச் சொல்லாமல் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நேர்மையாகாது. சட்டமும் வாரியமும் இம்முறை முன்னதாகவே இருந்தன. ஆயினும் நிரந்தரக் கிடங்கு எங்கே என்ற கேள்வி ஆலை ஓடத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கும்போது, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறது.

நம் பேராக்கிலேயே, ஹுலு பேராக் மாவட்டத்துக் கெனெரிங்கில் 2022-இல் களிமண்ணிலிருந்து அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. மண்ணை வெட்டாமல், மலைச்சரிவில் துளையிட்டு உப்புக் கரைசலைச் செலுத்தி, கீழே வடிந்து வரும் நீரிலிருந்து பிரித்தெடுக்கும் முறை. கதிரியக்கமற்றது என்கிறார்கள், மோனசைட்டோடு ஒப்பிட்டால் அது சரியே. இங்கே கேள்வி நீரைப் பற்றியது. செலுத்திய கரைசல் முழுவதும் நாம் வைத்த குழாய்க்குத்தான் வருகிறதா, ஆற்றுக்கும் போகிறதா? மீட்டரை எங்கே வைப்பது?

இத்தகைய பெரிய திட்டங்களின் விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகள் இன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. யாரும் படித்துக் கருத்து எழுதலாம். 1982-இல் புக்கிட் மேராவுக்கு இல்லாத உரிமை இது. ஆனால் அவை பருமனான தொகுப்புகள், மலாயிலும் ஆங்கிலத்திலும் தொழில்நுட்பச் சொற்களால் நிரம்பியவை. நான் படித்த ஒன்றில் நீர் பற்றிய பகுதியைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. திட்டப் பகுதியருகே தோட்டவரிசை வீடுகளில் இன்னும் குடியிருக்கும் ஒரு பாட்டிக்கு அதை யார் வாசித்துச் சொல்வது? நம் சங்கத்தில் பொறியியல், சட்டம், மருத்துவம் பயில்வோர் இருக்கிறோம். பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன் அக்காமார் ஆலைகளிலும் அமலாக்கத் துறைகளிலும் இருக்கிறார்கள். அடுத்த அறிக்கை பார்வைக்கு வரும்போது நான்கைந்து பேர் சேர்ந்து, அதன் சாரத்தைத் தமிழில் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுக்க இயலும். முதலாவது அறிக்கைக்கு நான் வருகிறேன். தண்ணீர்ப் பகுதியை என்னிடம் விட்டுவிடுங்கள்.